டியர் கன்னியப்பன்

அந்த அக்காவின் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. தூரத்தில் இருக்கிறவரின் பெயரை இங்கே யாராவது சொன்னால் அங்கே அவருக்குப் புரையேறும் என்பார்கள். உங்கள் வீட்டிலும் சொல்வார்கள்தானே? சாப்பிடும்போது புரையேறினால், "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டித் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த அக்கா இப்போது அமெரிக்காவில் ஏதாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். இதைப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் அவர் பெயரைச் சொன்னால் அவர் கதி என்ன ஆகும்? அதனால் அக்கா என்று மட்டும் சொல்கிறேன்.

திருத்தணியில் பஸ் ஸ்டாண்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடுவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவன். ஜெராக்ஸ் எடுப்பேன், ஆன்லைனில் சான்றிதழுக்குப் போடுவேன். மனு எழுதத்தான் எனக்கு வராது. அதற்கு ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா வந்தார். சென்னைக்கு ரயிலில் போய் வந்து எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தார். வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி உட்கார்ந்தார்.

அவருடைய அப்பா பெயர் கன்னியப்பன். இதை எழுதுவதில் தப்பில்லை. அவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார், புரையேறினால் நானே போய்த் தட்டிவிடுவேன். விசைத்தறி ஓட்டுகிறவர். அக்கா அவரை நைனா என்று கூப்பிடுவார். கேட்டுக் கேட்டு எங்கள் தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும்.

அக்கா தினமும் ஸ்கூட்டியில் வருவார். ஸ்டாண்டை எடுக்காமல்தான் வருவார். பூக்கடையிலிருந்து, டீக்கடையிலிருந்து, திருப்பதி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து எல்லாரும் "யம்மா, ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்துவார்கள். ஊரே தனக்கு வணக்கம் சொல்கிறது என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே கையாட்டுவார். அவர் மனசு எப்போதும் ஏதாவது ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும்.

அந்த வரியைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

காய்கறி வாங்கி முடித்ததும் கடைக்காரர் மேலே இரண்டு கொத்து கறிவேப்பிலை போடுவாரே, அதற்குப் பெயர் கொசுறு. அக்கா எழுதுகிற ஒவ்வொரு மனுவிலும் கடைசியில் அப்படி ஒரு கொசுறு வரி இருக்கும். மனுவுக்கு அது தேவையில்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் மனுவை மறக்கமாட்டார்கள்.

ஒருநாள் திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். தெருவில் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை, அதற்கு ஒரு மனு வேண்டும் என்றார்.

"லைட்டு இல்லாததுனால என்ன ஆச்சு?" என்று அக்கா கேட்டார்.

"இன்னா ஆவும்? இருட்டா கீது."

"இருட்டுல என்ன ஆச்சு?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "நேத்து எதிர்ல எங்க மாமியா வருதுன்னு ஒதுங்கி நின்னேம்மா. சாப்ட்டீங்களான்னு கேட்டேன். கிட்ட வந்தா எரும. அதுவாச்சும் நின்னு கேட்டுச்சி. எங்க மாமியா என்னிக்குமே நின்னு கேக்காது."

மனுவின் கடைசி வரி இப்படி வந்தது: "நேற்று இருட்டில் என் மாமியார் என்று நினைத்து ஓர் எருமையிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன், எருமை நின்று கேட்டது, என் மாமியார் ஒருநாளும் அப்படி நின்றதில்லை என்பதையும் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்."

படித்துக் காட்டியதும் அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். "எங்க மாமியாவுக்கு மட்டும் இதப் படிச்சிக் காட்டிடாதம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மனுவைக் கொடுத்த இடத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார்களாம். பத்து நாளில் விளக்கு வந்துவிட்டது. அது எருமையால் வந்ததா, முறைப்படி வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா எருமையால்தான் என்று இன்றும் சொல்கிறார்.

எல்லாருக்கும் கொசுறு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குக் குழாய் இணைப்பு கேட்டு வந்த ஒருவர், கடைசி வரியைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "தெருக் குழாயடியில் நின்று நின்று என் மனைவிக்கு எல்லா வீட்டு ரகசியமும் தெரிந்துவிட்டது; இனிமேலும் அவர் அங்கே நிற்பது தெருவுக்கு நல்லதல்ல" என்று இருந்தது. "எடுத்துடும்மா, ஆபீசர் கோச்சிக்கப்போறாரு" என்றார். அக்கா முகம் சுண்டிப்போய் எடுத்துவிட்டார். அவர் மனுவை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனார், நின்றார், தனியாகச் சிரித்தார், திரும்பி வந்தார். "போட்டுடும்மா" என்றார்.

என் மகளும் மாட்டினாள். அவளுக்கு வயிற்றுவலி, பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதித் தரச் சொன்னேன். அக்கா எழுதினார். கடைசியில், "காரணம் பலாப்பழம், எத்தனை சுளை என்பதைச் சொல்ல மறுக்கிறாள்" என்று இருந்தது. மறுநாள் டீச்சர் அதன் கீழேயே சிவப்பு மையில், "எத்தனை?" என்று எழுதி அனுப்பியிருந்தார். என் மகள் இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போய், "பதினாலு" என்று காதில் சொன்னாள்.

"ஏம்மா, உனக்கு இந்த ஒரு வரி எழுதலன்னா தூக்கம் வராதா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

அக்கா வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "மனுவுல அந்த ஒரு வரிதான் அண்ணா என்னுது. மத்ததெல்லாம் எப்பவும் இருக்கிற வரிங்க. பக்கம் முழுக்க என்னுதா எழுதணும்" என்றார்.

அன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கதை எழுதுவதையும் இலக்கியத்தையும் சொல்லிக்கொடுக்கிற மேல்படிப்பு அமெரிக்காவில் இருக்கிறதாம். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், எடுத்துக்கொண்டார்கள் என்றால் படிப்புச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். பதிலுக்குக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டுமாம். ரயிலில் போகும்போது எழுதிய கதைகளை அக்கா இருபத்தைந்து பக்கம் சேர்த்து வைத்திருந்தார்.

நைனாவுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை.

"கத எழுதறதுக்கு ஒரு படிப்பா? நம்ம பஸ் ஸ்டாண்டுல டிகிரி இல்லாமலே எத்தினி பேரு கத வுட்டுகினு இருக்கான். அவன்லாம் அமெரிக்காவா போனான்?"

"அது வேற கத நைனா."

"இன்னா வேற?"

அக்கா மூன்று நாள் சொன்னார். நாலாம் நாள் நைனா கடைக்கு வந்து என்னிடம் தீர்ப்பு மாதிரிச் சொன்னார். "தம்பி, ஒரே ஒரு தபா போடட்டும். கெடச்சா போவட்டும். கெடைக்கலன்னா இந்தப் பேச்ச அப்பிடியே வுட்டுடணும். வருஷா வருஷம் ஏங்கிகினு இருக்கக் கூடாது. அத என்னால பாக்க முடியாது."

அக்கா, "ஆங், சரி நைனா" என்றார். ஒரே தடவை. பிள்ளைகளே, ஒரே தடவைதான் பரீட்சை, தோற்றால் மறுபடி இல்லை என்று உங்களிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது.

கல்லூரி ஆசிரியர்கள் மூன்று பேருடைய சிபாரிசுக் கடிதங்கள் மெயிலில் போய்ச் சேர்ந்துவிட்டன. கதைகள் தயார். ஏன் படிக்க வருகிறேன் என்று தன்னைப் பற்றி அக்கா எழுத வேண்டிய கடிதம்தான் பாக்கி. ஊருக்கே மனு எழுதியவருக்கு அது வரவில்லை. எழுதுவார், கிழிப்பார். நான் ஜெராக்ஸில் பாழாய்ப்போன தாள் வைக்கிற பெட்டி அவர் கிழித்ததால் நிறைந்துவிட்டது.

கடைசியில் ஒன்று எழுதிக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குப் படித்துச் சொன்னார். அனுப்புநர், பெறுநர் முறையாக இருந்தன. "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா" இருந்தது. "பொருள்: கதை எழுதக் கற்றுத்தரக் கோருதல் தொடர்பாக" என்று அடிக்கோடு போட்டிருந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிரமாதமான மனு என்றேன்.

"அதுதான் அண்ணா பிரச்சனை. மனுவா வந்துடுச்சி. கை பழகிப்போச்சி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடைசி நாளும் வந்தது. கெடு அவர்கள் ஊர்க் கணக்கில் நடுராத்திரி பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் முன்னால். நமக்கு அது மறுநாள் காலை பத்து இருபத்தொன்பது. அன்றைக்கென்று பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்தே கரண்ட் கிடையாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். என் கடை இன்வெர்ட்டர் பேட்டரியோ பழசு. ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிது. மின்விசிறி, விளக்கு, மெஷின் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம், "அமெரிக்கால இன்னும் ராத்திரிங்க, விடிஞ்சதும் வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

நைனா தூக்கில் டீயோடு வந்தார். "இப்ப அங்க மணி இன்னா?"

"ராத்திரி பதினொன்னே கால் நைனா."

"அப்ப தூங்கிகினு இருப்பான். எவன் பாக்கப்போறான்? மெதுவா மத்தியானமா போடேன்."

அந்த நேரம் பார்த்து எருமைக்கார அம்மா உள்ளே வந்தார். விளக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். அக்கா அந்தக் கடிதத்தைக் கடைசி முறையாகத் தமிழில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கடலை உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா, எரும எங்க?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"எனக்கு கடசில எரும வெச்ச இல்ல? உனுக்கு ஒண்ணியும் வெச்சிக்கலியா?"

அக்கா அப்படியே நின்றுவிட்டார். அவ்வளவு பேருக்குப் போட்ட கொசுறைத் தன் மனுவுக்குப் போட அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு தாளைப் பிடுங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மணி பத்து ஐந்து. இன்வெர்ட்டர் "கீ" என்றது.

"யம்மா, நான் அதுக்குள்ள ஃபாரத்த ரொப்பறேன்" என்று நான் உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் முதல் பெயர் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. அடுத்த கட்டத்தில் கடைசிப் பெயர்.

"முதல் பேர் கேக்குதும்மா. நம்ம பேர்ல முதல்ல எது வரும்?"

அக்கா தலை நிமிராமல், "முதல்ல இனிஷியல்தான அண்ணா வரும்" என்றார்.

உண்மைதானே? பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தானே எழுதுகிறோம். இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்து, முதல் பெயர் கட்டத்தில் கன்னியப்பன் என்று அடித்தேன். கடைசியில் வருவது அக்காவின் பெயர். அதைக் கடைசிக் கட்டத்தில் அடித்தேன். எவ்வளவு நிம்மதியாக அடித்தேன் தெரியுமா?

பத்து இருபத்திரண்டுக்கு அக்கா ஓடிவந்து மனுவின் அடியில் கொசுறைச் சேர்த்தார். மனுவை மாற்றவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாவற்றையும் அப்படியே விட்டார். கடைசி வரி மட்டும் புதுசு: "இதுவரை நான் எழுதிய மனுக்கள் எல்லாம் அடுத்தவர் பெயரில் எழுதியவை, என் சொந்தப் பெயரில் நான் எழுதும் முதல் மனு இதுதான்."

இன்வெர்ட்டர் இப்போது நிறுத்தாமல் கத்தியது. என் போனிலிருந்து நெட் எடுத்து அனுப்பினோம். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நைனா முருகா என்றார். எருமைக்கார அம்மா கடலை உரிப்பதை நிறுத்தினார். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. அதை நாலு பேரும் பார்த்தோம். உடனே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் அக்கா ஒழுங்காக ஸ்டாண்டை எடுத்துவிட்டு வண்டி ஓட்டினார். அதைப் பார்க்கவே எனக்குக் கவலையாக இருந்தது.

ஒருநாள் காலை, கடை திறந்ததும் நைனா வியர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் அக்காவின் போன். நைனாவுக்கு ஆங்கிலத்தில் தெரிந்த ஒரே வார்த்தை அவருடைய பெயர். கையெழுத்து அதில்தான் போடுவார்.

"தம்பி, எனக்கு அமெரிக்காலேர்ந்து லெட்டர் வந்துகீது."

"உங்களுக்கா?"

"ஆங். பாரு, என் பேரு போட்டுக்கீறான். பாப்பா குளிச்சிகினு இருக்குது. போன் கிணிங்னுச்சி, எடுத்துப் பாத்தா நானு."

வாங்கிப் பார்த்தேன். "டியர் கன்னியப்பன்" என்றுதான் தொடங்கியது. என் ஆங்கிலத்துக்கு எட்டியவரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். உங்கள் கதைகளைப் படித்து மகிழ்ந்தோம், உங்களைச் சேர்த்துக்கொள்வதில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம், எல்லாச் செலவும் எங்களுடையது என்று இருந்தது.

நைனா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "என்னிய இன்னாத்துக்கு கூப்புடறான்? தறிய வுட்டுட்டு நான் எங்க போறது? எனக்கு ஏபிசிடி கூட முழுசா தெரியாதே தம்பி."

தலையில் துண்டோடு அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஊரே "ஸ்டாண்டு" என்று கத்தியது. நான் போனை நீட்டினேன். படித்தார். ஒரு தடவை குதித்தார். அப்பாவைக் கட்டிப் பிடித்து, "நைனா, உனக்கு சீட்டு கெடச்சிடுச்சி" என்று சொல்லி, சிரிப்பு தாங்காமல் ஜெராக்ஸ் மெஷின் மேலேயே சாய்ந்தார். மெஷின் வெறும் தாளாக ஏழெட்டு காப்பி தள்ளியது.

அந்தச் சிரிப்பு நாலு நாள்தான். பாஸ்போர்ட் காப்பி அனுப்பியதும் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு மெயில். சிபாரிசுக் கடிதத்தில் ஒரு பெண் பெயர் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் பெயர் தலைகீழாக இருக்கிறது, விண்ணப்பித்தவர் கன்னியப்பன் என்கிறார், இவர்களில் யார் வருகிறார்கள்? குடும்பத்தினர் கையெழுத்தோடு விளக்கம் வேண்டும், அது வரும்வரை விசாவுக்கான பேப்பர் தரமுடியாது. என் சொந்தப் பெயரில் எழுதும் முதல் மனு என்று அவ்வளவு அழகாக எழுதியவரின் பெயரை நான்தான் அப்பா பெயராக்கிவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நைனா என்னைவிடப் பயந்திருந்தார். "என் பேரால புள்ளைக்கு சீட்டு போயிடுமா தம்பி?"

"போகாது நைனா. நீங்க சொல்லுங்க, மனுவா எழுதி அனுப்புவோம்."

இந்த முறை மனு கொடுப்பவர் நைனா. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் மாற்ற மட்டும் அக்கா. பொருள்: கன்னியப்பன் என்பது நான்தான் என்பதைத் தெரிவித்தல் தொடர்பாக.

"எழுது தம்பி. எங்க ஊர்ல அப்பன் பேரு முன்னால போவும், புள்ள பேரு பின்னால வரும். அது வழக்கம். கத எழுதனது நான் இல்ல. எனக்கு வராது. பின்னால வர்றவதான் எழுதனது. அவளத்தான் நீங்க கூப்ட்டீங்க."

கையெழுத்துப் போடக் குனிந்தவர், பேனாவை நிறுத்தினார். மகளை ஒருமுறை பார்த்தார்.

"கொசுறு வாணாமா?" என்றார்.

நைனாவே சொன்னார். அவர் சொன்னதை அக்கா ஒரு சொல்கூட மாற்றாமல் ஆங்கிலமாக்கினார்: "எங்கள் ஊரில் தூரத்திலிருந்து யாராவது பெயரைச் சொன்னால் புரையேறும். நீங்கள் என் மகளை என் பெயரால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் இங்கே நான் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஆகவே பெயரைச் சீக்கிரம் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்."

மூன்றாம் நாளே பேப்பர் வந்தது. பெயரை நேராக்கியிருந்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு நைனா மலைக்குக் காவடி எடுத்தார். அது முடிந்த வாரம் அக்கா கிளம்பிவிட்டார்.

ஆனால் பாருங்கள், நைனாவின் மனு அங்கே வகுப்பில் சத்தமாகப் படிக்கப்பட்டதாம். கேட்ட எல்லாரும் சிரித்தார்களாம். ரெக்கார்டில் பெயர் மாறினாலும் வகுப்பில் மாற்ற ஒருவரும் சம்மதிக்கவில்லையாம். பாடம் நடத்துகிற அம்மாவே ஒவ்வொரு நாளும் கன்னியப்பன் வந்தாச்சா என்றுதான் கேட்கிறாராம். வேண்டாம் என்று அக்காவும் சொல்லவில்லை. போனில் இதைச் சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தார்.

அங்கே காலை பத்து மணிக்கு வகுப்பு. இங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஏழரை. தறி நிறுத்திவிட்டு நைனா என் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற நேரம். முதல் மடக்கிலேயே அவருக்குப் புரையேறும். தினமும் ஏறாது, ஆனால் ஏறுகிற நாளில் மனுஷருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் தட்டப் போனால் தடுத்துவிடுவார். டீயை ஜாக்கிரதையாகக் கீழே வைப்பார். தன் உச்சந்தலையில் தானே இரண்டு தட்டுத் தட்டிக்கொள்வார். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று, மலைக்கு அந்தப் பக்கம் பார்த்து, "உள்ளேன் அம்மா" என்பார்.